குழாயில் வருவது எந்தத் தண்ணீர்?

ஆசிரியருக்கு,

தருமபுரி மாவட்டப் பேரூராட்சி மன்றக் கூட்டங்கள் பற்றிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். மோட்டார் பழுது, பைப்லைன் உடைப்பு என்று செலவினத் தீர்மானங்கள் மளமளவென நிறைவேறுகின்றன; சரி, அவை தேவைதான். ஆனால் இங்கே மக்களுக்கு முதலில் தெரிய வேண்டியது, இன்று குழாயில் வருவது ஒகேனக்கல் தண்ணீரா, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் போர் தண்ணீரா என்பதே. நிலத்தடி நீரில், பல்லில் கறை படியச் செய்யும் ஃபுளோரைடு மிகுந்திருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. வேறு நீர் கிடைக்காத இடத்திலும் குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது; பலருக்கு இது தெரியவில்லை.

எங்கள் தெருவில் ஒகேனக்கல் தண்ணீர் தடைபடும் நாள்களில் போர் தண்ணீரை அதே குழாயில் விடுகிறார்கள். நாக்கில் உப்புக் கரித்த பிறகுதான் தெரிகிறது. அதற்குள் பிள்ளைகள் பாட்டிலில் பிடித்துப் பள்ளிக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்த தலைமுறை ஒன்று போதாதா? ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டியின் அடியிலும் ஒரு கரும்பலகை வைத்து, அன்றைய நீர் எது, கடைசியாகப் பரிசோதித்த ஃபுளோரைடு அளவு என்ன என்று தண்ணீர் திறந்துவிடுபவரே எழுத வேண்டும். அடுத்த மன்றக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம்.

ஒரு வாசகர், தருமபுரி மாவட்டம்