ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றிய லாரியைச் சந்தை வாசலிலேயே நிறுத்துங்கள்

கிருஷ்ணகிரி மாவட்ட நிர்வாகத்திற்கும், கால்நடை மற்றும் போக்குவரத்துத் துறை அலுவலர்களுக்கும் வணக்கம்.

எங்கள் பகுதி மாட்டுச் சந்தைகளில் விலை முடிந்த மாடுகள் எப்படி ஏற்றப்படுகின்றன என்பது தாங்கள் அறியாததல்ல. ஆகவே கடந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நான் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

நெடுஞ்சாலையோரத் தேநீர்க் கடை அருகே நின்றிருந்த லாரியில் 14 மாடுகள் இருந்தன. இரண்டு முறை எண்ணினேன். பின்வரிசையில் ஒரு கறவை மாடு கால் வழுக்கி விழுந்து கிடந்தது. மூக்கணாங்கயிற்றை மேல் கம்பியில் குட்டையாகக் கட்டியிருந்ததால் தலை மட்டும் அந்தரத்தில் தொங்க, உடல் மற்ற மாடுகளின் கால்களுக்கு அடியில் கிடந்தது. மூக்கு கிழிந்து வடிந்த இரத்தம் தாடையில் காய்ந்திருந்தது. வாங்குபவர் கண்ணுக்கு மடி பெரிதாகத் தெரிய வேண்டும் என்று காலையில் கறக்காமலே ஓட்டி வந்திருப்பார்கள் போலும்; அந்த நிலையிலும் காம்பிலிருந்து பால் சொட்டி, சாணத்தோடு கலந்து பலகை இடுக்கில் ஒழுகிக்கொண்டிருந்தது. கயிற்றையாவது தளர்த்தும்படி கேட்டேன். "இறக்கினா மறுபடி ஏத்த முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார் உடன் வந்தவர்.

ஒரு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது, தளத்தில் வழுக்காத விரிப்பு வேண்டும், பயணத்துக்குத் தகுதி என்று கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும் என்று 1978ஆம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகளே சொல்கின்றன. மாடு ஒன்றுக்கு 2 சதுர மீட்டர் இடம் தடுத்துத் தர வேண்டும் என்று 2015இல் மோட்டார் வாகன விதிகளிலும் சேர்த்தார்கள். 17 அடி நீளமும் 7 அடி அகலமும் உள்ள லாரியில் அந்தக் கணக்குப்படி ஐந்து மாடுகள்தாம் நிற்க முடியும். ஆனால் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி முதல் முறை வதைக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். ஒரு மாட்டின் ஒரு வேளைப் பாலின் விலைகூட இல்லை. அபராதத்துக்கு யாரும் அஞ்சப்போவதில்லை என்பதால்தான் கேட்கிறேன்: ஆறுக்கு மேல் ஏற்றிய வண்டி சந்தை வாசலைத் தாண்டக் கூடாது.

எருது விடும் விழாவுக்கு வரும் காளையைக் கால்நடை மருத்துவர் பரிசோதித்த பிறகே ஓட விடுகிறோம். கூட்டம் கூடும் இடத்தில் காட்டும் அந்த அக்கறை, பத்து ஆண்டுகள் பால் கொடுத்துவிட்டு விலைபோகும் மாட்டுக்கு ஏன் இல்லை? தலைக்கு இவ்வளவு என்று சுங்கம் வசூலிக்கும் சந்தையில் ஒரு தண்ணீர்த் தொட்டி இல்லை. ஏற்று மேடை இல்லாததால் வாலை முறுக்கியே ஏற்றுகிறார்கள்.

நானும் சென்ற ஆண்டு அதே சந்தையில் ஒரு மாட்டை விற்றேன். வழக்கப்படி என் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, அது எந்த வண்டியில் ஏறியது என்றுகூடப் பார்க்காமல் வீடு திரும்பினேன். அந்தக் கயிறு இன்னும் எங்கள் கொட்டகையில் தொங்குகிறது. இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு என்று அறிந்தே எழுதுகிறேன்.

சந்தை நாளில் வாசலில் ஒரு கால்நடை மருத்துவரையும் ஒரு காவலரையும் நிறுத்துமாறும், தொட்டியும் மேடையும் அமைத்துத் தருமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். மேடை கட்ட நாளாகலாம். மாடுகளை எண்ணி, ஆறுக்கு மேல் இருந்தால் வண்டியை நிறுத்துவதை வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.

இப்படிக்கு,
காவேரிப்பட்டணம் பகுதியிலிருந்து மாடு வளர்க்கும் ஒருவர்