கரை தெரியாத ஒரு நாள்

கொழிஞ்சாம்பாறை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் நான் ஊர் திரும்பிய வாரமே வந்துவிட்டது. இங்கே நல்ல மழை, நடவு முடிந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஹாம்பர்க்கிலிருந்து மகள் கப்பலில் கூட்டிப்போனதை எழுதச் சொன்னாய். நார்வேயின் கெய்ராங்கர் மலைகளையும் அருவிகளையும் போனில் பார்த்துவிட்டாய். அவற்றைவிட எனக்கு மனதில் நிற்பது எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் நார்வே கடலில் வடக்கே போய்க்கொண்டே இருந்த அந்த நாள்தான். கப்பலில் சிலர் அதை வீண் நாள் என்றார்கள். அடுப்பு, பால்காரர், பஸ் நேரம் எதுவும் நினைவுக்கு வராத ஒரு பகல், நம் இருவருக்கும் கல்யாணத்துக்குப் பிறகு எப்போது வாய்த்தது, சொல்?

ஜூன் கடைசி, ஆனாலும் ஸ்வெட்டர், மேலே கோட், தலையில் மஃப்ளர். மேல் தளத்தில் சாய்வு நாற்காலி போட்டுக் கம்பளியும் தந்தார்கள். காற்று நம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுப் போலவே விடாமல் அடித்தது, குளிர்தான் கூடுதல். கப்பலின் வேகம் மணிக்கு 18 கடல் மைல் என்று மதியம் கேப்டன் ஒலிபெருக்கியில் சொன்னார். கிட்டத்தட்ட 33 கிலோமீட்டர். அந்த நிதானம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பிற்பகல் முழுக்க ஃபுல்மார் என்ற பறவைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்வைக்குக் கடற்காகம் மாதிரி இருக்கும், ஆனால் ஆல்பட்ராஸ் வகையோடு உறவு. இறக்கையை விறைப்பாக நீட்டி, அலைக்கு ஒட்டினாற்போல் சரிந்து, அடிக்காமலே வெகுதூரம் போகிறது. அலையில் மோதி மேலே எழும் காற்றிலேயே ஏறிக்கொள்கிறது. அலகின் மேல் சின்னக் குழாய் போல மூக்கு. கடல் நீரைக் குடித்து, அதிகப்படி உப்பை அந்த வழியாகவே வெளியேற்றிவிடுமாம். கரை பக்கமே போகாமல் நாள்கணக்கில் இருக்க அதற்கு இது போதும். மகள் இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டாள், எனக்கு எழுந்திருக்க மனமில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் கோட்டயத்துப் பையன் ஒருவன் பரிமாறினான். மலையாளத்தில் பேசியதும் முகம் மலர்ந்துவிட்டது. மறுநாள் கேட்காமலே எனக்குத் தயிரும் சோறும் கொண்டுவந்தான். வீட்டைவிட்டு வந்து பல மாதமாம். துறைமுகமில்லாத நாளில் பயணிகள் எல்லோரும் கப்பலிலேயே இருப்பதால் ஊழியர்களுக்குத்தான் வேலை இரட்டிப்பு. நம் ஓய்வை இன்னொருவர் சுமக்கிறார் என்பது எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

சாயங்காலம் ஆர்க்டிக் வட்டத்தைக் கடந்தபோது கப்பல் சங்கொலி எழுப்பியது. நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே நம் ஊர் 11 பாகைக்கும் கீழே, அது 66½ பாகை! அவ்வளவு வடக்கேயும் நார்வே கரையோரக் கடல் உறைவதில்லை, அட்லாண்டிக்கின் தெற்கிலிருந்து வெதுவெதுப்பான நீரோட்டம் வருகிறது. நள்ளிரவிலும் சூரியன் அடிவானத்துக்கு மேலேயே நின்றது. ஒரு நாள் முடிந்து இன்னொன்று தொடங்குவதே தெரியவில்லை. அப்புறம் கனத்த திரையை இழுத்துவிட்டுத்தான் தூங்கினேன்.

நீ ஒரு முறை போக வேண்டும், இதை மனசாரச் சொல்கிறேன். நடை அதிகமில்லை, உன் காலுக்கும் ஒத்துவரும். துறைமுகங்களை எண்ணித் திட்டத்தைத் தேர்ந்தெடுக்காதே, கடலிலேயே கழியும் நாள் ஒன்றாவது இருக்கட்டும். ஜெர்மனியும் நார்வேயும் ஷெங்கன் நாடுகள், ஒரே விசா போதும். இங்கிலாந்திலிருந்து கிளம்பும் கப்பலென்றால் அதற்குத் தனி விசா வாங்க வேண்டும். அண்ணாவிடம் பேசிவிட்டு எழுது. ஓணத்துக்குப் பிள்ளைகளோடு வந்தால் நேரிலேயே பேசலாம்.

அன்புடன்,
உன் தோழி