மஞ்சள் கொடியில் முடிந்தால் என்ன குறை?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 2025 மே 25 அன்று நடந்த 109-வது இண்டியானாபொலிஸ் 500 (சுருக்கமாக இண்டி; அமெரிக்காவில் நடக்கும் 200 சுற்றுக் கார் பந்தயம்) பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் சின்னதாக ஒரு குறிப்பு வந்திருந்தது. கிரிக்கெட்டுக்கு நடுவே அதற்கு இடம் கிடைத்ததே பெரிய விஷயம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் ஸ்பெயினின் அலெக்ஸ் பாலோ ஜெயித்ததைச் சொன்ன கையோடு, கடைசிச் சுற்றில் விபத்துக்காக மஞ்சள் கொடி (அது காட்டப்பட்டால் யாரும் முந்தக் கூடாது) விழுந்ததால் பந்தயம் சப்பென்று முடிந்துவிட்டது என்று எழுதிவிட்டீர்கள். ராத்திரி முழுக்கக் கண் விழித்துப் பார்த்தவன் என்கிற முறையில் இதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அந்தப் பந்தயத்தின் முடிவு 187-வது சுற்றிலேயே எழுதப்பட்டுவிட்டது.

அந்தச் சுற்று தொடங்கும்போது மார்கஸ் எரிக்சன் முன்னால் போய்க்கொண்டிருந்தார், பாலோ அவர் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தார். நேர்பாதை முடிந்து முதல் திருப்பம் வரும் இடத்தில் பாலோ சட்டென்று உள்பக்கமாக இறங்கினார். எரிக்சன் சுதாரிப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது. எனக்கே அப்போது, இவ்வளவு சீக்கிரம் ஏன் முந்துகிறார் என்றுதான் தோன்றியது. ஏனென்றால் இண்டியில் முன்னால் போவது லாபமான வேலை இல்லை. லாரிக்குப் பின்னால் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது புரியும். முதலில் போகிறவர் மணிக்கு 350 கிலோமீட்டருக்கு மேல் காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். பின்னால் வருகிறவருக்குக் காற்றின் தடை குறைவு, எரிபொருளும் மிச்சம். 2024-இல் பாட்டோ ஓவார்ட் கடைசிச் சுற்றின் முதல் திருப்பத்தில் முந்தினார். மூன்றாவது திருப்பத்துக்குள் ஜோசஃப் நியூகார்டன் அவரைத் திரும்ப முந்திவிட்டார். கடைசிச் சுற்றில் முந்தினாலே இந்த கதி என்றால், 14 சுற்று மிச்சம் இருக்கும்போது முந்தினவர் எப்படித் தாக்குப்பிடிப்பார்?

பாலோவுக்கு முன்னால் இரண்டு கார்கள் போய்க்கொண்டிருந்தன. வெற்றிக்குச் சம்பந்தமே இல்லாத, பின்தங்கிய கார்கள். லூயிஸ் ஃபாஸ்டர், டெவ்லின் டெஃப்ரான்செஸ்கோ. இரண்டு பேரும் ஒரே அணி. பாலோ அவர்களைத் தாண்டிப் போக அவசரமே படவில்லை. அவர்கள் கிழித்த காற்றுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டார். பந்தயத்தில் முதலிடம், காற்றுத் தடையில் மட்டும் மூன்றாமிடம்! எரிக்சன் பின்னாலேயே துரத்தி வந்தும் நெருங்கி முந்த வழி கிடைக்கவில்லை. இதைத்தான் பலர் அதிர்ஷ்டம் என்கிறார்கள். 2021-இல் இதே பாலோ ஹீலியோ காஸ்ட்ரோநெவெஸிடம் அரை நொடிக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றார். அன்றும் கடைசிச் சுற்றில் முன்னால் போன மெதுவான கார்களின் காற்று காஸ்ட்ரோநெவெஸுக்குத்தான் கைகொடுத்தது. அப்படி ஒரு அடி வாங்கினவர் மறந்திருப்பாரா?

சரி, மஞ்சள் கொடிக்கு வருவோம். கடைசிச் சுற்றில் நோலன் சீகல் சுவரில் மோதினார், கொடி விழுந்தது, யாரும் யாரையும் முந்தக் கூடாது. அவ்வளவுதான். சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தி, மறுபடி ஓடவிட்டுப் பச்சைக் கொடியில் முடிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு 2023 மறந்துவிட்டதா? அன்று கடைசி 16 சுற்றுக்குள் மூன்று சிவப்புக் கொடி. முதல் விபத்தில் கைல் கிர்க்வுட் காரின் சக்கரம் கழன்று, வேலியைத் தாண்டிப் பறந்து, வெளியே நிறுத்தியிருந்த ஒரு ரசிகரின் கார் மேல் விழுந்தது. ஆள் மேல் விழவில்லை, நல்லகாலம். மறுபடி ஓடவிட்டார்கள், ஓவார்ட் சுவரில் மோதினார். இன்னொரு தடவை ஓடவிட்டார்கள், இன்னொரு மோதல். கடைசியில் பிட்டிலிருந்து (கார்கள் நின்று எரிபொருள் நிரப்பி, டயர் மாற்றும் இடம்) வெளியே வந்ததும் நேராக ஒரே ஒரு சுற்றுப் பந்தயம், அதில் எரிக்சனை நியூகார்டன் முந்தினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, நானும் சத்தம் போட்டேன். ஆனால் 199 சுற்று ஓடிச் சேர்த்ததை ஒரு சுற்றில் தூக்கிப் போட்டு விளையாடுவது என்ன நியாயம்?

அமெரிக்காவின் இன்னொரு கார் பந்தயத் தொடரான நாஸ்கார் இன்னும் ஒரு படி மேலே போய்க் கூடுதல் சுற்றே ஓட்டுகிறது. அதன் 2020 டேடோனா 500 பந்தயம், 200 சுற்றுக்குப் பதில் 209 சுற்று ஓடியது. ரயன் நியூமேனின் கார் கவிழ்ந்து அவர் மருத்துவமனைக்குப் போனது அந்தக் கடைசிக் கூடுதல் சுற்றில்தான். இண்டியில் 2013-இல் டோனி கனானும் 2020-இல் டகுமா சாட்டோவும் மஞ்சள் கொடியில்தான் ஜெயித்தார்கள். கனானுக்கு அன்று மைதானமே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. யாருக்கும் அது சப்பென்று இருக்கவில்லை.

இந்தத் தடவை மறுபடி ஓடவிட்டு எரிக்சன் ஜெயித்திருந்தால் கூத்து இன்னும் பெரிதாகியிருக்கும். பந்தயம் முடிந்து செய்த சோதனையில் அவர் காரில் விதிக்கு மாறான மாற்றம் இருந்தது தெரிந்து, இரண்டாமிடத்திலிருந்து 31-க்குத் தள்ளிவிட்டார்கள். ஜெயித்தவர் பால் குடிப்பது அங்கே வழக்கம். அதைக் குடித்துப் படம் எடுத்துக்கொண்ட பிறகு, மறுநாள் வேறு ஆள் ஜெயித்தார் என்று அறிவிக்க வேண்டி வந்திருக்கும். 1981-இல் அப்படித்தான் ஆனது. பாபி அன்ஸர் ஜெயித்தார், மறுநாள் காலை மாரியோ ஆண்ட்ரெட்டி ஜெயித்ததாக அறிவித்தார்கள், அக்டோபரில் திரும்பவும் அன்ஸர். அந்தத் தகராறும் மஞ்சள் கொடியின்போது முந்தியதால் வந்ததுதான்.

பென்ஸ்கி அணி கார்களில் செய்த தில்லுமுல்லைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. மைதானத்துக்கும், இந்தப் பந்தயம் சேர்ந்த இண்டிகார் தொடருக்கும் சொந்தக்காரரின் அணியே மாட்டியது அசிங்கம், அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

சப்பென்று போனது எது என்று கேட்டால் நான் வேறு இரண்டைச் சொல்வேன். ரயன் ஹன்டர்-ரேயின் கார் பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு பயிற்சியில் தீப்பிடித்தது. மாற்றுக் காரில் வந்து 48 சுற்று முன்னால் ஓடினார். பிட்டுக்குள் வரும்போது எரிபொருள் தீர்ந்து வண்டி நின்றுபோனது. 48 வயது சாட்டோ எல்லாரையும் விட அதிகமாக 51 சுற்று முன்னால் ஓடினார். பிட்டில் தன் இடத்தைத் தாண்டிப் போய் நிறுத்தியதில் எல்லாம் வீணாயிற்று. இவர்கள் இருவரையும் பற்றி உங்கள் குறிப்பில் ஒரு வரி கூட இல்லை.

பாலோ அதற்கு முன் மூன்று முறை இண்டிகார் தொடரின் சாம்பியன், ஆனால் ஓவலில் (இண்டி மாதிரி நீள்வட்டப் பாதையில்) ஒரு தடவை கூட ஜெயித்ததில்லை. இண்டியில் ஜெயித்த முதல் ஸ்பெயின்காரரும் அவர்தான். அடுத்த மே மாதம் கால் பக்கமாவது ஒதுக்குங்கள். யார் ஜெயித்தார் என்பதோடு, எந்தச் சுற்றில் எப்படி முந்தினார் என்பதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்