சட்டை முதுகில் உப்புக் கோடு

தம்பிக்கு,

நேற்று வீடியோ காலில் நீ தண்ணீர் எடுக்கத் திரும்பியபோது முதுகைப் பார்த்துவிட்டேன். சட்டையில் வெள்ளை வெள்ளையாய் உப்புக் கோடு. தூத்துக்குடி உப்பளத்து ஆட்கள் வெயில் தாங்காமல் ஆஸ்பத்திரிக்கு வரும்போது இதே கோலம்தான். முப்பது வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவளிடம் 'நல்லா இருக்கேம்மா' என்றால் போதுமா?

ஒரு வருஷமாக ஏசி அறையில் டிராயிங் பார்த்த உடம்பு, திடீரென்று ஜூன் மாதத்து தோஹா வெயிலில் சைட்டில் நிற்கிறது. வெளியே 45 டிகிரி அடித்தாலும் உள்ளே 37-ஐ ஒட்டியே இருந்தாக வேண்டும். அதற்குக் காவல் மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ். சூடு கொஞ்சம் ஏறினாலும் ரத்தத்தைத் தோல் பக்கம் திருப்பிவிடும், வியர்வையைத் திறந்துவிடும். ஆனால் வியர்வை காய்ந்தால்தான் சூடு போகும். ஒரு லிட்டர் காய்ந்தால் ஏறக்குறைய 580 கிலோகலோரி போகும். சொட்டிக் கீழே விழுந்ததெல்லாம் வீண். காற்றில் ஈரம் ஏறிய சாயங்காலத்தில், வெயில் தணிந்தும் உனக்குப் புழுங்குவது இதனால்தான். கோடையில் வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்ற மத்தியானத் தடை முடிந்ததே என்று 3:30-க்கு மேல் எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்யாதே.

அப்புறம், கெண்டைக்கால் சுண்டி இழுக்கிறது என்றாயே. வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளுகிறாய். வியர்வையோடு உப்பும் போகிறது. தண்ணீரை மட்டும் ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் தலைவலி, குமட்டல், குழப்பம். ஓஆர்எஸ் ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டரில் கரைத்துக் கையோடு வைத்துக்கொள். உன் தாத்தா உப்பளத்துக்குக் கிளம்புமுன் கல்லுப்பு போட்டு ஒரு செம்பு நீராகாரம் குடிப்பார். அங்கேயும் சோறு வடிக்கிறாய்தானே?

உடம்பு பழகிக்கொள்ளும், பயப்படாதே. ஒன்றிரண்டு வாரத்தில் வியர்வை சீக்கிரமே தொடங்கும், நிறையவும் வரும், ஆனால் உப்பு குறைவாக இருக்கும். ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன், வியர்வை வெளியே வருமுன்பே உப்பைத் திரும்ப இழுத்துக்கொள்ள வைக்கும். அதுவரை வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. சூப்பர்வைசரிடம் சொல்ல வெட்கப்படாதே. உனக்குப் பேச்சு குழறினால் நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, ஆம்புலன்ஸைக் கூப்பிடும்படி கூட இருப்பவர்களிடம் இப்போதே சொல்லி வை.

இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை கூப்பிடுவேன். அன்றைக்கு அந்த நீலச் சட்டையைத் துவைக்காமல் வை. முதுகுப் பக்கத்தைக் கேமராவில் காட்டு.

அம்மா