பெயர் தெரியாத காரைநகர் ஆச்சிக்கும் உங்கள் எல்லோருக்கும்

அன்பான உறவுகளே, அயலவர்களே, சபை மக்களே,

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்துவிட்டார். நேற்றுப் பின்னேரம் விறாந்தைக் கதிரையில் இருந்துகொண்டு, தேத்தண்ணீருக்குச் சீனி போதாது என்று அம்மாவோடு சண்டை பிடித்தார். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் இதை எழுத எனக்குத் தெம்பு வந்தது. நடந்தவை உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்லவில்லை.

இரத்தம் தந்த சபை இளைஞர்கள், எந்த நேரம் கூப்பிட்டாலும் வந்த ஓட்டோக்காரத் தம்பி, இரவிரவாக ஓடித் திரிந்த தாதியர், கேட்காமலே காசு அனுப்பிய கனடாச் சொந்தங்கள், எங்கள் ஆட்டுக்குக் குழை போட்ட பக்கத்து வீட்டு அக்கா, ஜெபித்த போதகர் ஐயா, எல்லோருக்கும் நன்றி. ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லைத்தான். ஆனால் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்லவேண்டும்.

அடுத்த கட்டிலில் காரைநகர்ப் பெரியவர் ஒருவர் இருந்தார். அவரைப் பார்க்க மனைவி வருவார். நெற்றி நிறையத் திருநீறு, கையில் சாப்பாட்டுப் பை. அப்பா அப்போது எங்களோடு கதைப்பதையே விட்டிருந்தார். வாய் திறந்தால், "வாழ்ந்து என்னத்தைக் கண்டனான்" என்பார். ஒருநாள் பெரியவர் நல்ல நித்திரை. ஆச்சி சும்மா இராமல் அப்பாவின் பக்கம் திரும்பி, "ஐயா, தொண்ணூத்தைஞ்சில எங்க போனனீங்கள்?" என்று கேட்டார்.

1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணச் சனம் வீடுவாசலை விட்டு வெளிக்கிட்ட இரவு. மழை, செம்மணி வெளி, நாவற்குழிப் பாலத்தில் நகர முடியாமல் நின்ற சனம், சைக்கிள் கரியரில் அப்பம்மா. அப்பா எப்போது சொன்னாலும் அந்தக் கதை விட்டுவந்த சாமான்களில்தான் முடியும்: தையல் மெசின், நெல் மூட்டை, கலியாணப் படம். அன்றைக்கும் அப்படித்தான் முடிந்தது. ஆச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப கொடிகாமத்தில ஆர் உங்களுக்கு இடம் தந்தது?" என்றார்.

அப்பாவிடம் யாரும் அதைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அவர் கனநேரம் யோசித்தார். பிறகு சொன்னார்: "ஒரு சைவக்காரர் தன்ர திண்ணையை விட்டவர். கரண்ட் இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுத்தித்தான் றேடியோ கேக்கிறது. நாங்கள் ஜெபிக்கத் தொடங்கினா அந்த மனிசன் சுத்துறதை நிப்பாட்டிப்போடும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அன்றிரவு கஞ்சி முழுவதையும் குடித்தார்.

வருட முடிவு ஆராதனையில் நாங்கள் சொல்லும் சாட்சிகளை நினைத்துப் பார்த்தேன். சோதனை பாஸ், வேலை, விசா. (விசாச் சாட்சி இல்லாத வருடம் எங்கள் சபையில் இல்லை.) வேதாகமத்தில் உபாகமம் 8 ஆம் அதிகாரமோ இஸ்ரவேல் சனத்தை வனாந்தரத்து 40 வருடங்களை நினைக்கச் சொல்லும்போது, தேவன் தந்த மன்னா என்ற உணவோடு பசியையும் சேர்த்தே நினைக்கச் சொல்கிறது. "எல்லாம் நன்மைக்கே" என்று கட்டிலருகில் வந்து சொன்னவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் தீமையை தேவன் நன்மையாக முடியப்பண்ணினார் என்று சொன்னவன் யோசேப்பு. சொந்தச் சகோதரர்கள் தள்ளிய குழியில் கிடந்தவன் அவன், அதுவும் வருடக்கணக்குக் கழித்துத்தான் சொன்னான். அவனுக்காக வேறு யாரும் அதை முந்திச் சொல்லவில்லை.

அந்த இஸ்ரவேல் சனம் பிறகு யோர்தான் ஆற்றைக் கடந்தபோது, ஆற்றுக்குள்ளிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துக் கில்காலில் நாட்டியது. பின்னாளில் பிள்ளைகள் "இந்தக் கற்கள் ஏது" என்று கேட்கவேண்டும், பெரியவர்கள் பதில் சொல்லவேண்டும், அதற்காக. எங்கள் வீட்டுக் கல்லைப் பற்றி ஒரு சைவ ஆச்சி வந்து கேட்கவேண்டியிருந்தது.

பெரியவரை எங்களுக்கு முதலே வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். ஆச்சியின் பெயரைக் கேட்க வாய்க்கவில்லை. காரைநகரில் யாருக்காவது அவரைத் தெரிந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள். டொக்டர் ஓம் என்றதும் அப்பாவைக் கொடிகாமத்துக்குக் கூட்டிப் போவேன், இது நேர்த்தி மாதிரி. சந்தைக்குக் கிட்ட, கிணற்றடியில் பலாமரம் நின்ற வீடாம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வருகிற சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு எங்கள் வீட்டில் நன்றி ஜெபம். சைவ அயலவர்களும் கட்டாயம் வரவேண்டும், சாப்பாடு மரக்கறிதான்.