துணி அலமாரிக்கு 14 இன்ச் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் சின்ன வீட்டுக்கு ஏற்ற வார்ட்ரோப் பற்றி எழுதியிருந்தீர்கள். படங்கள் அழகாக இருந்தன. ஆனால் எல்லாப் படத்திலும் துணிகள் ஹேங்கரில் தொங்கின. எங்கள் வீட்டில் அப்படித் தொங்குவது ஐந்தோ ஆறோதான். மற்றதெல்லாம் மடித்து வைப்பது. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கொருக்குப்பேட்டையில் தரைத்தளத்தில் குடியிருக்கிறோம். நான் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். கணவர், மாமியார், கல்லூரிக்குப் போகும் மகள், நான் என்று நாலு பேருக்கு ஒரே படுக்கையறை. அதன் அகலம் 8 அடி. 2021இல் மாதத் தவணையில் மூன்று கதவு வார்ட்ரோப் ஒன்று வாங்கினோம். சுவரின் நீளத்தை மட்டும் அளந்துகொண்டு கடைக்குப் போனதுதான் தப்பு. 8 அடி என்றால் 96 இன்ச். கட்டில் 60, வார்ட்ரோப் 21 போக மிச்சம் 15. ஒவ்வொரு கதவும் 16 இன்ச். கதவு முழுதாகத் திறக்காமல் கட்டிலில் இடிக்கும்; கதவு முழுதாகத் திறந்தால்தானே உள்ளே இருக்கிற டிராயரை இழுக்க முடியும்? மாமியார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கதவிடுக்கில் கையை விட்டுத் துழாவித்தான் இரண்டு வருஷம் புடவை எடுத்தார்.

அப்புறம் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. முழங்கால் அளவுத் தண்ணீர், வடிய மூன்று நாள் ஆனது. பார்ட்டிகிள் போர்டு என்பது மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை. தண்ணீரைக் குடித்ததும் அடிப்பலகை டீயில் நனைத்த பன் மாதிரி ஊதிவிட்டது. கதவைத் தொட்டால் கீல் திருகோடு கையில் வந்தது. அதே தண்ணீரில்தான் என் அம்மா சீராகக் கொடுத்த இரும்பு பீரோவும் நின்றது. துடைத்துக் காயவைத்து, கால் பக்கத்துத் துருவை உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்தோம். இன்றும் ஹாலில் இருக்கிறது. இடத்தை அடைக்கிறது என்று இரும்பு பீரோவை எடைக்குப் போடுகிறவர்கள், தரைத்தளத்தில் இருந்தால், தயவுசெய்து ஒருமுறை யோசியுங்கள்.

போன வருஷம் பிளைவுட்டில் புதிதாகச் செய்யச் சொன்னோம். கார்பென்டர் 2 அடி ஆழம் வேண்டும் என்றார். ஹேங்கரின் அகலமே 17 இன்ச், அதனால் கதவு மூட 22, 24 தேவை என்பது அவர் கணக்கு. நான் டேப்பை எடுத்துக் காட்டினேன். புடவையின் அகலம் 46 முதல் 48 இன்ச். நாலாக மடித்தால் 12. இஸ்திரிக்காரர் மடித்துத் தருகிற சட்டை 13. அப்படியானால் தட்டுக்கு 14 இன்ச் போதாதா? அவரும் ஒரு சட்டையை வைத்துப் பார்த்துவிட்டு, சரிம்மா என்றார். தொங்கவிட வேண்டிய ஐந்தாறு துணிக்கு ஓரத்தில் 18 இன்ச் அகலத்தில் ஒரு தடுப்பு. அதில் கம்பியைக் குறுக்கே போடாமல், பின்சுவரிலிருந்து கதவை நோக்கி வருகிற மாதிரி போட்டார். துணி நம்மைப் பார்த்தபடி தொங்கும்.

தள்ளு கதவுக்கு 3 இன்ச் சேர்த்து மொத்த ஆழம் 17. சுவரோரம் விட்ட இடைவெளி போக, இப்போது கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் 17 இன்ச்சுக்கு மேல் இருக்கிறது. மாமியார் நின்றுகொண்டே புடவை எடுக்கிறார். தள்ளு கதவில் ஒரு நேரத்தில் பாதி அலமாரிதான் திறக்கும், அது ஒரு குறைதான். எங்கள் பக்கம் கடல் காற்று இரும்பைச் சும்மா விடாது என்பதால் தடத்தை அலுமினியத்தில் கேட்டு வாங்கினோம். பிளைவுட்டில் ஐ.எஸ். 710 என்ற முத்திரை இருக்கிறதா என்று நானே பலகையைத் திருப்பிப் பார்த்தேன். தண்ணீர் தாங்குகிற ரகம் அது. அடியில் ஒன்றரை அடிக்குச் செங்கல் வைத்து, மேலே கடப்பாக்கல் போட்டு, அதன் மேல்தான் அலமாரி. கல்லுக்குக் கீழே அண்டாவும் குடமும் இருக்கின்றன, நனைந்தால் நனையட்டும். அலமாரியின் பின்பக்கம் பாத்ரூம் சுவர் என்பதால் இரண்டு விரல் இடைவெளி விட்டோம். ஒட்டி வைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் பட்டுப்புடவை பூசணம் பிடித்துவிடும்.

மாடியில் இருக்கிறவர்களுக்கும் ஒன்று. அறையை அளப்பதற்கு முன்னால் மாடிப்படி திரும்புகிற இடத்தை அளந்துகொள்ளுங்கள். எங்கள் மேல்வீட்டுக்காரர் பீரோவைக் கயிறு கட்டி வெளிப்பக்கமாகத்தான் ஏற்றினார்.

என் கோரிக்கை இதுதான். வடசென்னையில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் பழைய குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்டுகிறது. தனியாரும் சின்னச் சின்ன ஃபிளாட்டுகள் கட்டுகிறார்கள். ராயபுரத்தில் என் பாட்டி வீட்டில் சுவருக்குள்ளேயே அலமாரி இருந்தது. இன்றைய நாலரை இன்ச் தடுப்புச் சுவரில் அது முடியாது, தெரியும். ஆனால் வரைபடம் போடும்போதே படுக்கையறையின் ஒரு மூலையில் 16 இன்ச் ஆழத்துக்கு ஒரு மாடம் விட்டு, பரண் வரைக்கும் ஐந்து கடப்பாக்கல் தட்டு பதித்துக் கொடுக்கலாம். கதவை நாங்கள் போட்டுக்கொள்வோம். முடியாதவர்கள் ஒரு திரைச்சீலை தொங்கவிட்டுக்கொள்வார்கள். தவணை கட்டி வார்ட்ரோப் வாங்குகிற செலவு அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சும். வரைபடம் போடுகிறவர்களின் கண்ணில் படும்படி இதை நீங்கள் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
தையல் வேலை செய்யும் வாசகி,
கொருக்குப்பேட்டை, சென்னை.