பெயரை அடிப்பதற்கு முன்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்நிலை வகுப்புகளில் பிள்ளைகள் பாதியில் நிற்பதற்கு வறுமைதான் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். வறுமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பல ஆண்டுகள் வருகைப் பதிவேடு எழுதிய கை என்னுடையது. யாரும் ஒரே நாளில் படிப்பை விடுவதில்லை. முதலில் திங்கட்கிழமை வரமாட்டான். பிறகு கணக்குத் தேர்வன்று வரமாட்டான். அப்புறம் ஒரு வாரம் ஆளே இருக்காது. வரிசையாகச் சிவப்பு மை ஏறும். மாதக் கடைசியில் கூட்டிப் போட்டுவிட்டு நாம் அடுத்த பக்கம் புரட்டுவோம்.

ஐந்தாம் வகுப்பில் பின்னம் புரியாதவனுக்கு ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதம் எப்படிப் புரியும்? கடைசி பெஞ்சில் ஒருவன் கரும்பலகையில் இருப்பதை ஒரு எழுத்து விடாமல் படியெடுப்பான்; ஒரு வரிக்கும் பொருள் தெரியாது. (அவன் நோட்டுக்கு 'நன்று' என்று கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.) அவனுக்கு வகுப்பறை தினசரி அவமானம். வேலைக்குப் போனால் கூலியாவது கிடைக்கிறது. பெண் பிள்ளைகளுக்கோ தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, தொலைவு, தண்ணீர் வராத கழிப்பறை, கல்யாணப் பேச்சு.

2030க்குள் எல்லாப் பிள்ளைகளும் இடைநிலைக் கல்வியை முடிக்க வேண்டும் என்று 2015இல் ஐ.நா. இலக்கு வைத்தது. கட்டணத்தை நீக்கினால் மட்டும் அது நடக்காது. மூன்றாம் நாள் வராதபோதே யாராவது வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும். முப்பதாம் நாள் போனால், அவன் வேலைக்குப் போயிருப்பான்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்